நாய கார்ல விட்டுட்டு சாப்பிட போலாமா? கண்ணாடி இறக்குறதா, ஏசி ஓட விடுறதா, ஆள் மாத்துறதா

போன மே மாசம், சரியா கத்திரி வெயில்ல, சென்னையிலேர்ந்து மதுரைக்கு கார்ல கிளம்பினோம். நான், வீட்டுக்காரி, மச்சான், அப்புறம் பின் சீட்ல முக்காவாசிய புடிச்சிக்கிட்டு எங்க மணி. நாட்டு நாய்தான், தெருவுல குட்டியா கெடந்தத தூக்கிட்டு வந்தது. விக்கிரவாண்டி தாண்டி டிபனுக்கு நிறுத்தினதும் பஞ்சாயத்து ஆரம்பிச்சிடுச்சு, ஹோட்டலுக்குள்ள நாய விட மாட்டாங்க, அப்ப இவன என்ன பண்றது?

மச்சான் உடனே, "கண்ணாடிய ரெண்டு விரல் அளவு எறக்கி விடுங்க மாமா, காத்து போயிக்கும், பத்து நிமிஷம்தானே"ன்னான். நம்மூர்ல நெறைய பேர் பண்றது இதுதான், இருக்குறதுலயே மோசமான வழியும் இதுதான். 2005ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி ஆளுங்க கார வெயில்ல நிறுத்தி அளந்து பாத்திருக்காங்க, ஒரு மணி நேரத்துல உள்ள சராசரியா 22 டிகிரி ஏறுது, அதுல 80 சதவீதம் மொத அரை மணி நேரத்துலயே ஏறிடுது, கண்ணாடிய கொஞ்சம் எறக்கி வச்சாலும் பெரிய வித்தியாசம் இல்ல. வெயில் கண்ணாடி வழியா உள்ள வந்து சீட்டு டேஷ்போர்டு எல்லாத்தையும் சுட வைக்குது, அந்த சூடு ரெண்டு விரல் சந்துல எங்க வெளிய போவும். கொடைக்கானல்தானே குளுகுளுன்னு இருக்கேன்னு நினைக்காதீங்க, வெளிய வெறும் 22 டிகிரி இருந்தப்பவே ஒரு மணி நேரத்துல உள்ள 47 போயிருக்கு.

நமக்காச்சும் ஒடம்பு முழுக்க வேர்க்கும், நாய்க்கு பாதத்துல மட்டும்தான் வேர்வை. மத்தபடி நாக்க தொங்கப்போட்டு எளைக்கிறதுதான் அதோட ஏசி. மூடுன கார்ல அது விடுற மூச்சே ஈரமா சுத்தி நிக்கும், அப்ப எளைச்சும் பிரயோஜனம் இல்ல. அதோட சாதாரண சூடே 38, 39 டிகிரி, 41 தாண்டிச்சுன்னா உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான ஜாதி வச்சிருக்கவங்க இந்த பேச்சையே எடுக்க வேணாம்.

அப்புறம் அந்த "பத்து நிமிஷம்". எந்த ஹைவே ஹோட்டல்ல பத்து நிமிஷத்துல வேலை முடியுது? எடம் புடிச்சு, ஆர்டர் சொல்லி, ரெண்டாவது தடவ சாம்பாருக்கு கை தூக்கி, பில்லுக்கு நின்னு, பாத்ரூம் லைன்ல நின்னு வந்தா முக்கா மணி நேரம் சத்தியமா ஆகும்.

நிழல்ல நிறுத்துறது கொஞ்சம் தேவலாம், ஆனா நிழல் நகரும், நாம சாப்பிடுற எடத்துலேர்ந்து அது தெரியாது. ரோட்ட அகலமாக்குறேன்னு அந்த பழைய புளியமரத்தையெல்லாம் வேற வெட்டிட்டாங்க.

சரி ஏசி? வீட்டுக்காரி சொன்னது அதுதான், அன்னிக்கு நாங்க செஞ்சதும் அதுதான். வண்டிய ஆன்ல வச்சு, ஏசிய போட்டு, சாவிய உள்ளயே விட்டுட்டு கதவ சும்மா சாத்திட்டு போனோம். திரும்பி வந்தா நாலு கதவும் லாக்! எங்கள காணோம்னு ஜன்னல்ல ஏறி பாத்திருக்கான், கால் லாக் பட்டன்ல பட்டிருச்சு. உள்ள ஐயா ஜில்லுனு உக்காந்து வாலாட்டுறாரு, வெளிய நாங்க மூணு பேரும் வெயில்ல கருகுறோம். ஹோட்டல் வாட்ச்மேன் அண்ணன் ஒரு ஸ்கேலும் கம்பியும் வச்சு தெறக்க இருவது நிமிஷம் ஆச்சு, அதுக்குள்ள எஞ்சின் ஆஃப் ஆகியிருந்தா என்ன பண்ணியிருப்போம்னு நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது. நின்ன வண்டியில ஏசி வேற ஓடுற வண்டி அளவுக்கு குளுமை குடுக்காது. மூடுன ஷெட்ல எஞ்சின ஓட விட்டா புகையே ஆள கொன்னுடும், அத யோசிக்கவே கூடாது. டெஸ்லாவுல 2019லேர்ந்தே நாய்க்காக ஏசிய ஓட விடுற தனி மோடு இருக்காம், நம்ம பட்ஜெட்டுக்கு அது ஆவுற கதையா.

வெளிய மரத்துல கட்டிப்போடலாம்னும் ஒரு யோசனை வந்துச்சு. அந்த ஹோட்டல் வாசல்ல ஏற்கனவே நாலு நாய் டூட்டியில இருந்துச்சு, அதுங்க ஏரியாவுல கொண்டு போயி நம்மாள கட்டிப்போட்டா என்ன நடக்கும்னு நான் சொல்லணுமா.

சட்டம் காப்பாத்தும்னு எதிர்பாக்காதீங்க. 1960 மிருகவதை தடுப்பு சட்டத்துல மொத தடவ தப்புக்கு அபராதம் 10 ரூபாயிலேர்ந்து 50 ரூபா வரைக்கும்தான், ஒரு காபி காசு. அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல 2017லேர்ந்து, உள்ள நாய் உயிருக்கு போராடுச்சுன்னா, கதவு பூட்டியிருந்து வேற வழி இல்லன்னா, போலீசுக்கு சொல்லிட்டு வழியில போறவங்களே கண்ணாடிய ஒடைக்கலாம். இங்க ஒடைச்சா ஓனர் நம்ம மண்டைய ஒடைப்பாரு.

அதனால சின்ன நிறுத்தத்துக்கு நான் வந்து நிக்கிறது ஆள் மாத்துறதுலதான். ஒருத்தர் நாயோட நிக்க மத்தவங்க சாப்பிட்டு வரணும், இல்ல பார்சல் வாங்கிட்டு கதவெல்லாம் தெறந்து வச்சு கார்லயே சாப்பிடணும். நேரம் டபுளாகும், வேற ஒரு கொறையும் இல்ல. தனியா ஓட்டிட்டு போறவங்களுக்கு பார்சல் மட்டும்தான்.

கல்யாணம், கோயில்னு நாள் முழுக்க உள்ள இருக்கிற பயணம்னா இதுல எதுவுமே ஒத்து வராது, வீட்டுல விட்டுட்டு போறதுதான் சரி. காசு கட்டி, நாய பாத்துக்குற போர்டிங்ல விடுறதவிட, மணிக்கு பழகின பக்கத்து வீட்டு அக்காகிட்ட சாவி குடுத்துட்டு போறத நான் நம்புவேன், போர்டிங்ல விட்டப்ப ரெண்டு நாள் சோறு திங்கல இவன். ரயில்னா ஃபர்ஸ்ட் ஏசியில தனி ரூம் மாதிரி இருக்குற கூப்பேயோ கேபினோ முழுசா கெடச்சாதான் நம்மகூட வர முடியும், இல்லன்னா ரயில் கார்டோட பெட்டியில இருக்குற நாய் கூண்டு, மே மாசத்துல அதுவும் ஒரு கார் மாதிரிதான்.

இப்பல்லாம் விக்கிரவாண்டி பக்கம் போனா மொத ஷிஃப்ட் மச்சானும் வீட்டுக்காரியும் சாப்பிட போவாங்க, நானும் மணியும் கார் நிழல்ல நிப்போம். என் முறை வரும்போது பொங்கல் தீந்திருக்கும்.