துறையை முடிவு செய்யாத அறிவியல் மாணவருக்கு ஐசர் படிப்பு: ஒரு மதிப்பீடு

அறிவியலில் நாட்டம் இருக்கிறது, ஆனால் எந்தத் துறை என்று தெரியவில்லை என்று சொல்லும் பிளஸ் டூ மாணவர்களுக்கு, இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் (ஐசர்) நடத்தும் இளநிலையும் முதுநிலையும் இணைந்த ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். 2006இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கிய இந்நிறுவனங்கள் இன்று ஏழு இடங்களில் இயங்குகின்றன. நமக்கு அருகில் இருப்பவை திருப்பதியும் திருவனந்தபுரமும்.

வழக்கமான கல்லூரிச் சேர்க்கையில், விண்ணப்பம் நிரப்பும் நாளிலேயே இயற்பியலா வேதியியலா என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஐசரிலோ, வளாகத்துக்கு வளாகம் சிறு வேறுபாடுகள் இருந்தாலும், தொடக்க ஆண்டுகளில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்கையும் படித்து, ஆய்வகத்திலும் பழகிய பிறகே முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த அவகாசம்தான் இப்படிப்பின் பெருமதிப்பு என்பது என் உறுதியான கருத்து. கணக்குகளை வேகமாகப் போட முடிந்ததால் இயற்பியல் பிடித்தது என்று நினைத்த மாணவர், பொறுமையாக அளவீடு எடுக்கும் வேலை தமக்கு ஒத்துவருமா என்பதை அங்கே அறிந்துகொள்ளலாம். மனப்பாடத்துக்கு அஞ்சி உயிரியலை விட்டு விலகியவர், நோய் பரவுவதையும் உயிரினங்களின் எண்ணிக்கை கூடிக் குறைவதையும் சமன்பாடுகளால் விளக்க முடியும் என்று கண்டு, அதையே தம் துறையாகக் கொள்ளவும் வழியிருக்கிறது. பள்ளிப் பாடத்தை மட்டும் வைத்து இத்தகைய முடிவுகளை எடுப்பது மிகக் கடினம்.

நுழைவுத் தேர்வான ஐஏடியில் நான்கு பாடங்களுக்கும் தலா 15 வினாக்கள் என மொத்தம் 60 வினாக்கள் உண்டு. பிளஸ் டூவில் அவற்றுள் மூன்று பாடங்களைப் படித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம் என்றாலும், உயிரியல் படிக்காத கணினி அறிவியல் பிரிவினரும் கணிதம் படிக்காத தூய அறிவியல் பிரிவினரும் கால் பங்கு வினாக்களில் பின்தங்கித்தான் தொடங்குகிறார்கள். தமிழில் வினாத்தாள் இல்லாததால், தமிழ்வழி மாணவர்களுக்குச் சுமை இன்னும் கூடுகிறது. திறமை மிக்க பிள்ளைகள் மொழியால் தடுக்கப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பெற்றோர் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: முடித்தவுடன் வேலை என்ற எதிர்பார்ப்புடன் சேர்க்க வேண்டிய படிப்பு அன்று இது. ஐந்தாம் ஆண்டு பெரும்பாலும் ஆய்வேட்டுக்கே செலவாகிறது. அதற்குப் பிறகு முனைவர் பட்டத்துக்கு மேலும் சில ஆண்டுகள் தேவைப்படும். தகுதி பெறும் மாணவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகையாக ஆண்டுக்கு 80,000 ரூபாயும், பின்னர் முனைவர் பட்ட ஆய்வில் இளநிலை ஆய்வாளராக மாதம் 37,000 ரூபாயும் கிடைக்க வாய்ப்புண்டு என்றாலும், உடனடி வருமானம் தேவைப்படும் குடும்பங்கள் நன்கு யோசித்தே இறங்க வேண்டும்.

சேர விரும்புவோர், நான்கு பாடங்களுள் பிளஸ் டூவில் விடுபட்ட ஒன்றை என்சிஇஆர்டி பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து இப்போதே படிக்கத் தொடங்குவது நல்லது. தேர்வின் பாடத்திட்டமும் என்சிஇஆர்டியின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களைத் தழுவியே அமைந்துள்ளது.