ஓட்டுநர் இருக்கையா, நடத்துநரின் படிக்கட்டா?

1950 வாக்கில் லண்டன் மாடிப் பேருந்தில் இருவருக்கும் ஒரே வண்டி, ஒரே தடம். ஓட்டுநர் வேலை நேரம் பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க நாளுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறுவார். பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸின் குழு 1953இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்ட முடிவு: நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு, வந்தாலும் உடனடி மரணம் குறைவு.

சரி, படிக்கட்டு மட்டும்தான் காரணமா? அப்படி அடித்துச் சொல்ல முடியாது. அப்புறம் சீருடை அளவுகளைப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் இடுப்பு இளவயதிலேயே பெரிதாக இருந்தது தெரிந்தது; அதாவது, வேறுபாடு வேலைக்கு முன்பே இருந்திருக்கலாம். ஆனால் நடந்தும் சைக்கிளிலும் சுற்றிய தபால்காரர்களை மேசை ஊழியர்களோடு ஒப்பிட்டபோதும் இதே போக்குதான். அதனால் நான் நடத்துநர் பக்கம். அவர் தனியாக உடற்பயிற்சி செய்யவில்லை, வேலையைத்தான் செய்தார்.