எங்கள் டொமைன் பெயரில் போலி அஞ்சல்கள்: டிமார்க் ஏற்பாட்டைச் சில ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

ஜவுளி வணிகர்களின் வரிக் கணக்குகளைக் கவனிக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. நாங்கள் அனுப்பாத அஞ்சல்கள் உரியவரைச் சேரவில்லை என்ற அறிவிப்புகள் எங்கள் இன்பாக்ஸில் குவியத் தொடங்கியபோது, எல்லோரும் முதலில் சொன்ன யோசனை பாஸ்வேர்டை மாற்றுவதுதான். மாற்றினோம், அறிவிப்புகள் நிற்கவில்லை. திரும்பி வந்த ஒன்றில் இணைந்திருந்த மூல அஞ்சலின் தலைப்பு வரிகளை முழுமையாகத் திறந்து பார்த்தபோது காரணம் விளங்கியது. அனுப்புநர் இடத்தில் எங்கள் டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர், இருந்தது. @ குறிக்கு முன்னால் எங்களிடம் ஒருபோதும் இருந்திராத ஒரு பெயரும் சில எண்களும் இருந்தன. அஞ்சல் எந்தெந்த சர்வர்களைக் கடந்தது என்று காட்டும் 'ரிசீவ்டு' வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்ததில், எங்கள் சர்வர் எங்குமே தென்படவில்லை. யாரும் எங்கள் கணக்குக்குள் நுழையவில்லை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வரிகளில் நம் சர்வரே இருந்தால் அது வேறு வகையான ஆபத்து என்பதால், இத்தொல்லைக்கு ஆளாகும் எவரும் இந்தச் சோதனையை முதலில் செய்துவிட வேண்டும்.

அஞ்சல்களை அனுப்ப சர்வர்கள் பின்பற்றும், 1982இல் வரையறுக்கப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறையில் அனுப்புநரின் பெயரைச் சரிபார்க்கும் வழி எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, ஓர் அஞ்சலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது சொல்லும் உறை முகவரி. மற்றொன்று, படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் 'ஃபிரம்' முகவரி. சேராத அஞ்சல் பற்றிய அறிவிப்பு உறை முகவரிக்குத்தான் திரும்பும். ஆகவே போலி ஆசாமி தெரியும் முகவரியில் மட்டும் நம் பெயரைப் போட்டால், நமக்கு ஓர் அறிவிப்புகூட வராது. இன்பாக்ஸ் அமைதியாக இருப்பதை வைத்து நிம்மதி கொள்ள முடியாது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

எஸ்பிஎஃப் என்பது, எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களின் பட்டியலை, டொமைன்களின் விவரங்களை யாரும் தேடிப் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் எழுதிவைக்கும் முறை. அது பார்ப்பது உறை முகவரியை மட்டுமே. டிகிம் என்பது, அனுப்பும் ஒவ்வொரு அஞ்சலிலும் மின்னணுக் கையொப்பம் இடும் முறை. இவ்விரண்டில் ஒன்றாவது கண்ணுக்குத் தெரியும் முகவரியின் டொமைனோடு பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பெறும் சர்வருக்குச் சொல்வது டிமார்க். 2015இல் ஆர்எஃப்சி 7489 என்னும் இணைய நெறிமுறை ஆவணமாக அது வெளியானது. டிமார்க் இல்லாமல் எஸ்பிஎஃப் மட்டும் வைத்திருப்பது, என் மதிப்பீட்டில், பாதி வேலைகூட ஆகாது.

டிமார்க்கில் மூன்று நிலைகள் உண்டு: எதுவும் செய்யாதே என்னும் 'நன்', ஸ்பேமில் தள்ளு என்னும் 'குவாரன்டீன்', வாங்காதே என்னும் 'ரிஜெக்ட்'. கோபத்தில் நேரே மூன்றாவதுக்குப் போகத் தோன்றும். நாங்கள் முதல் நிலையிலேயே சில மாதங்கள் இருந்தோம், அதற்குக் காரணம் அறிக்கைகள். கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள், எங்கள் பெயரில் எந்த ஐபி முகவரியிலிருந்து எத்தனை அஞ்சல்கள் வந்தன, சோதனைகளில் தேறினவா என்பதைச் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் கோப்புகளாக நாள்தோறும் அனுப்புகின்றன. வெறும் கண்ணால் படிக்க அலுப்பூட்டும் கோப்புகள்தான். எனினும் இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுவே. தேறாத வரிசையில் எங்கோ வெளிநாட்டு சர்வர்களை எதிர்பார்த்த இடத்தில், எங்கள் வாடிக்கையாளர்களுக்கு பில் அனுப்பும் மென்பொருள் சேவையும், இணையதளப் படிவத்திலிருந்து அஞ்சல் அனுப்பும் வெப் ஹோஸ்டிங் சர்வரும் இருந்தன. அவசரப்பட்டு 'ரிஜெக்ட்' வைத்திருந்தால் எங்கள் பில்களையே நாங்கள் தடுத்திருப்போம். பில் சேவைக்கு எங்கள் டொமைனிலேயே டிகிம் கையொப்பம் அமைத்த பின்பு அது தேறியது. எல்லாச் சேவைகளையும் எஸ்பிஎஃப் பட்டியலில் அடுக்கிக்கொண்டே போகவும் முடியாது. அதைச் சரிபார்க்கப் பத்து டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் தேவைப்பட்டால் பதிவே பிழையாகக் கருதப்படும்.

அறிக்கைகளுக்குத் தனி அஞ்சல் பெட்டி வைப்பது நல்லது. வேறு டொமைனிலுள்ள முகவரிக்கு அனுப்பச் சொன்னால், அந்த டொமைனும் தன் டிஎன்எஸ்ஸில் ஒப்புதல் தெரிவித்திருக்க வேண்டும்.

'ரிஜெக்ட்' நிலைக்கு வந்தபின் எழுந்த ஒரே குறிப்பிடத்தக்க சிக்கல் இடையில் கைமாறும் அஞ்சல்களில்தான். பழைய முகவரியிலிருந்து ஜிமெயிலுக்குத் தானாகத் திருப்பிவிடும்போது எஸ்பிஎஃப் தோற்றுவிடுகிறது; உள்ளடக்கம் மாறாதிருந்தால் டிகிம் காப்பாற்றுகிறது. ஆனால் தலைப்பில் குழுப் பெயரும் அடியில் குறிப்பும் சேர்க்கும் குழு அஞ்சல்களில் டிகிமும் உடைந்துபோகும். 2014 ஏப்ரலில் யாகூ 'ரிஜெக்ட்' அறிவித்தபோது உலகெங்கும் குழு அஞ்சல்கள் தடுமாறியது இதனால்தான். கூகுள் குரூப்ஸ் இப்போது இத்தகைய டொமைன்களின் அனுப்புநர் முகவரியைக் குழுவின் முகவரியாக மாற்றி அனுப்புகிறது. சிலருக்கு அது எரிச்சல்தான்; எங்களுக்குப் பழகிவிட்டது.

இனிப் பலனைச் சொல்ல வேண்டும். எந்தப் பெயருக்கு வந்தாலும் ஒரே பெட்டியில் சேர்க்கும் 'கேட்ச்-ஆல்' வசதியை நிறுத்தியதும், இல்லாத பெயர்களுக்கு வந்த அறிவிப்புகள் உடனே ஒழிந்தன. இலவசமான இந்த ஒன்றை முதல் நாளே செய்திருக்கலாம் என்று பிறருக்குச் சொல்வேன். போலி அஞ்சல்கள் மெல்ல மெல்லக் குறைந்தன, ஆனால் அடியோடு நிற்கவில்லை. டிமார்க்கைப் பார்க்காத சர்வர்கள் இன்னும் இருக்கின்றன. அஞ்சலை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு திருப்பி அனுப்பும் பழைய சர்வர்களும் இருக்கின்றன. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், நாளொன்றுக்கு ஐயாயிரம் அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோரிடம் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் கேட்கிறது. எங்கள் அளவு அதில் சிறு பங்குகூட இல்லை என்றாலும், எங்கள் அஞ்சல்கள் ஸ்பேமில் விழுவதாக வந்த புகார்கள் இந்த ஏற்பாட்டுக்குப் பின் அருகிப்போயின.

டிமார்க் தொடாத இடங்களும் உண்டு. எங்கள் டொமைனில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒருவர் புதிதாகப் பதிவு செய்தால், அவருக்கு மூன்று சோதனைகளும் தேறும். ஜிமெயில் முகவரி ஒன்றை எடுத்து, காட்சிப் பெயராக எங்கள் அலுவலகப் பெயரை வைத்தாலும் அப்படியே. ஆகவே வங்கிக் கணக்கு எண் மாற்றத்தை நாங்கள் ஒருபோதும் மின்னஞ்சலில் மட்டும் தெரிவிக்க மாட்டோம், எங்கள் பெயரில் அப்படி ஏதேனும் வந்தால் அலுவலக எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள் என்று வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் அச்சிட்ட கடிதமே கொடுத்திருக்கிறோம். அஞ்சலுக்குப் பயன்படுத்தாமல் வைத்திருந்த இரண்டாவது டொமைனுக்கும், எந்த சர்வருக்கும் அனுப்ப அனுமதியில்லை என்ற எஸ்பிஎஃப் பதிவும் 'ரிஜெக்ட்' நிலையும் வைத்தாயிற்று. அதன் பெயரிலும் யாரோ அனுப்பிப் பார்த்திருப்பது அறிக்கைகளில் அவ்வப்போது தெரிகிறது.