நீராவி லைன் உடைந்தால் தானாக மூடும் வால்வு: எதை வாங்கலாம்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பாய்லர் தலையில் உட்கார்ந்து, பிரஷர் ஏறினால் ஊதுகிற சேஃப்டி வால்வைப் பற்றி இல்லை இது. லைன் உடைந்தால் பிரஷர் இறங்கும், ஏறாது. அந்த வால்வுக்கு அங்கே வேலையே இல்லை. குழாய் எங்கேயாவது பிய்த்துக்கொண்டால், ஆள் கிட்டப் போகாமலே நீராவியை அடைக்கிற வால்வைத்தான் சொல்கிறேன். இதில் இரண்டு வகையை ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றை மாட்டினேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பாய்லரும் லைனும் என் பொறுப்பு. விறகில் ஓடும், மணிக்கு 3 டன் நீராவி தருகிற பாய்லர் இரண்டு, இரண்டுக்கும் ஒரே ஹெட்டர் (இரண்டின் நீராவியும் சேரும் பொதுக் குழாய்), அங்கிருந்து 100 மி.மீ. லைன் ஒன்று 120 மீட்டர் போய் டையிங் ஹாலில் இறங்குகிறது. ஓடுவது 7 கிலோ பிரஷரில். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ராத்திரி ஷிப்டில் இரண்டரை மணி வாக்கில், ஹால் வாசலை ஒட்டியிருந்த எல்போ, அதாவது குழாய் திரும்புகிற வளைவுத் துண்டு, வெளி வளைவில் கிழிந்துவிட்டது. விரல் நீளம்தான் கிழிசல். ஆனால் ஹால் முழுக்க வெள்ளையாக நிறைய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நீராவி ஓட்டை வாயில் கண்ணுக்கே தெரியாது, ஒரு முழம் தள்ளிப் போய்த்தான் வெண்மையாகத் தெரியும், அதனால் எந்தப் பக்கம் பீய்ச்சுகிறது என்று தெரியாமல் யாரும் நெருங்க முடியாது. ஹாலுக்கான கை வால்வு சரியாக அந்த எல்போவுக்குப் பக்கத்தில், எட்டடி உயரத்தில். சத்தத்தில் போன் பேசினால் காதில் விழவில்லை. கடைசியில் ஒரு பையன் பாய்லர் ஹவுஸுக்கு ஓடிச் சொல்லி, ஃபயர்மேன் (பாய்லரை ஓட்டுபவர்) ஹெட்டர் வால்வை இருபது சுற்று சுற்றி மூடி முடிக்க எட்டு நிமிஷம் ஆனது. இன்னொரு பையனுக்கு முன்னங்கை வெந்துவிட்டது. இன்றும் அந்தக் கையில் தோல் வேறு நிறத்தில்தான் இருக்கிறது.

மறுநாள் எல்போவை அறுத்துப் பார்த்தேன். 6 மி.மீ. இருக்க வேண்டிய சுவர் வெளி வளைவில் ஒரு மில்லிக்குத் தேய்ந்திருந்தது, உள்வளைவில் அப்படியே இருந்தது. ஈர நீராவி திரும்புகிற இடத்தையே அடித்து அடித்துத் தின்றிருக்கிறது. ஜப்பானில் மிஹாமா அணுமின் நிலையத்தில் 2004 ஆகஸ்டில் உடைந்த கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து ஆன தண்ணீர்) குழாயும் உள்ளே ஓடிய தண்ணீரால் தேய்ந்துதான் உடைந்தது: 10 மி.மீ. இருந்த சுவர் 1.4 மி.மீ. ஆகியிருந்தது, 5 பேர் இறந்தார்கள். அங்கேயே அந்த இடத்தைப் பல வருஷம் அளந்து பார்க்காமல் விட்டிருந்தார்கள். தடிமன் அளப்பதுதான் முதல் வேலை, அதைச் செய்துவிட்டுத்தான் வால்வைப் பற்றியே பேச வேண்டும். சரி, வால்வுக்கு வருவோம்.

நான்-ரிட்டர்ன் வால்வு இந்தப் போட்டியிலேயே இல்லை. இரண்டு பாய்லர் ஒரே ஹெட்டரில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அது இருந்தே ஆக வேண்டும், ஒரு பாய்லர் பக்கம் உடைந்தால் மற்றதன் நீராவி திரும்பி வராமல் தடுக்கும், அவ்வளவுதான். ஹெட்டருக்கு அப்பால் உடைந்தால் அதனால் பயனில்லை. கை வால்வுக்குச் சங்கிலிச் சக்கரம் போடலாம் என்றும் ஒருவர் சொன்னார். இருபது சுற்று இருபது சுற்றுதானே, தரையில் நின்று இழுத்தாலும்.

மிச்சம் இருப்பது இரண்டு. ஒன்று எக்ஸஸ் ஃப்ளோ வால்வு. உள்ளே ஒரு டிஸ்க், அதைத் திறந்தே வைத்திருக்க ஒரு ஸ்பிரிங். ஓட்டம் ஓர் அளவைத் தாண்டினால் டிஸ்க்கின் இரண்டு பக்கத்துக்கும் உள்ள பிரஷர் வித்தியாசம் ஸ்பிரிங்கை ஜெயித்துவிடும், டிஸ்க் படாரென்று சீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். கரண்ட் வேண்டாம், ஏர் வேண்டாம், வயர் வேண்டாம். இன்னொன்று ஏரில் திறந்து ஸ்பிரிங்கில் மூடும் ஆக்சுவேட்டர் வால்வு. கம்ப்ரசர் ஏர் பிஸ்டனைத் தள்ளித் திறந்து வைத்திருக்கும். ஏரை வெளியே விட்டால், அல்லது ஏர் போனால், கரண்ட் போனால், ஸ்பிரிங் தானாக மூடிவிடும். மூடச் சொல்வது லைன் பிரஷர் இறங்கினால் தட்டுகிற பிரஷர் ஸ்விட்சாகவும் இருக்கலாம், சுவரில் இருக்கும் சிவப்புப் பட்டனாகவும் இருக்கலாம்.

எனக்கு வந்த கொட்டேஷன்களில் முதல் வகை பாதி விலைகூட இல்லை. மாட்டுவதும் சுலபம், இரண்டு ஃபிளேஞ்ச், முடிந்தது வேலை. நானும் முதலில் அதைத்தான் வாங்கப் போனேன். எங்கள் மூத்த ஃபயர்மேன்தான் நிறுத்தினார். "காலையில நாலு மெஷினும் ஒரே நேரத்துல ஸ்டீம் இழுக்குமுங்க, அப்ப இது மூடிக்காதுங்களா?" என்று கேட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

120 மீட்டர் லைனில் இரும்பு மட்டும் ஏறக்குறைய 1,900 கிலோ. ஆறிய லைனை 30 டிகிரியிலிருந்து 170 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 65 கிலோ நீராவி கண்டன்சேட்டாகிப் போகும். ஃபயர்மேன் பொறுமையாகப் பத்து நிமிஷத்தில் சூடேற்றினால் ஒன்றும் தெரியாது; அவசரத்தில் ஒரே நிமிஷத்தில் திறந்தால் அதுவே மணிக்கு 4 டன் வேகத்தில் இழுப்பதற்குச் சமம். அப்புறம் மெஷின்கள். 3,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கிற ஒரு சாஃப்ட் ஃப்ளோ மெஷினை (துணிக்குச் சாயம் ஏற்றுவது) நிமிஷத்துக்கு 4 டிகிரி ஏற்றினால் அது ஒன்றே மணிக்கு ஒன்றரை டன் கேட்கும். இரண்டு சேர்ந்து ஏறினால் 3 டன். எல்லாம் பிடித்த சூட்டில் நிற்கும்போது அரை டன்கூடப் போகாது. அதாவது எங்கள் லைனில் சாதாரண ஓட்டம் என்று ஒரு எண்ணே கிடையாது. வால்வு வீணாக மூடாமல் இருக்க வேண்டுமென்றால் அதை மணிக்கு 5 டன்னுக்காவது செட் செய்ய வேண்டும்.

100 மி.மீ. குழாய் முழுசாக அறுந்தால் அந்த 5 டன் ஒன்றுமே இல்லை. 7 கிலோ பிரஷரில் முழு வாயிலிருந்தும் கணக்குப்படி மணிக்கு 30 டன்னுக்கு மேல் வெளியேறப் பார்க்கும், உராய்வுக்குப் பாதியைக் கழித்தாலும் எக்ஸஸ் ஃப்ளோ வால்வு கண்டிப்பாக மூடும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எங்களுக்கு நடந்தது அது இல்லையே. 80 மி.மீ. நீளம், 5 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டாலும் அந்தக் கிழிசலில் போனது மணிக்கு 1.7 டன்தான். ஒரு மெஷின் கூடுதலாக ஓடுகிறது என்றுதான் வால்வு நினைத்திருக்கும். கையை வேகவைத்த அந்த நீராவி அதன் கணக்கில் வந்திருக்கவே வராது. கேஸ்கெட் ஒரு பக்கம் பிய்த்துக்கொள்வது, டிராப் (லைனில் தேங்கும் தண்ணீரை மட்டும் வெளியே விடும் சாமான்) லைன் ஒடிவது, கேஜ் குழாய் முறிவது எல்லாம் இந்த ரகம்தான், பட்டறைகளில் அடிக்கடி நடப்பதும் இவைதான்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஆக்சுவேட்டர் வால்வில் இருக்கும் பிரஷர் ஸ்விட்சும் அந்த ராத்திரி மூடச் சொல்லியிருக்காது. இரண்டு பாய்லரும் சேர்ந்து 6 டன் கொடுக்கும்போது 1.7 டன் கசிவுக்கு லைன் பிரஷர் பெரிதாக இறங்காது. மூடியிருக்கக்கூடியது பட்டன்தான். ஹாலின் இரண்டு வாசலிலும் ஒவ்வொரு பட்டன், பாய்லர் ஹவுஸில் ஒன்று. அந்தப் பையன் 120 மீட்டர் ஓடியிருக்க வேண்டாம், வெளியே போகிற வழியில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் நான்கு வினாடியில் மூடியிருக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது இதுதான்: நாம் சொன்னபோது மூடுகிற வால்வா, இல்லையா. இதிலிருந்தே இன்னொன்றும் வருகிறது. வருஷம் முழுக்க அசையாமல் நின்று ஒரே ஒரு நாள் அசைய வேண்டிய சாமான் இது. பாய்லர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) ஏறினால் நீராவியோடு உப்பும் சேர்ந்து போகும், ஸ்பிண்டிலில் (வால்வுத் தண்டு) படியும், சீட்டில் படியும், பழைய லைனென்றால் துருச் செதிலும் சேரும். எக்ஸஸ் ஃப்ளோ வால்வு உள்ளே பிடித்துக்கொண்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லைனில் நிஜமாகவே 5 டன்னுக்கு மேல் இழுத்தால்தான் தெரியும், அதற்கு என்னிடம் வழியில்லை. கழற்றிப் பார்க்கலாம், ஆனால் கழற்றிக் கையால் தள்ளும்போது அசைகிற டிஸ்க் 170 டிகிரியிலும் அசையுமா என்பது வேறு கேள்வி.

ஆக்சுவேட்டர் வால்வை நான் ஞாயிறுதோறும் மூடிப் பார்க்கிறேன். வேலை நிற்கும் நேரத்தில் ஒருவர் பட்டனைத் தட்டுவார், நான் வால்வுப் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு நிற்பேன். மாட்டிய புதிதில் 4 வினாடி. ஏழாவது மாதத்தில் 6 ஆனது, அடுத்த வாரம் 9. பிரித்துப் பார்த்தால் ஏர் வெளியேறும் சைலன்சரில் விறகுச் சாம்பலும் ஏரோடு வந்த எண்ணெயும் சேர்ந்து களிமண் மாதிரி அடைத்திருந்தது. துடைத்து மாட்டினேன், மறுபடி 4. சோதிக்காமல் விட்டிருந்தால் இன்னும் ஆறு மாதத்தில் அது மூடவே மூடாத வால்வாகியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. கொதிநீர் உலை வகை அணுமின் நிலையங்களில் பிரதான நீராவி லைன் ஒவ்வொன்றிலும் இப்படி இரண்டு வால்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, 3 முதல் 5 வினாடிக்குள் மூடும்படி செட் செய்து, மூடும் நேரத்தை அளந்து சோதிக்கிறார்கள். எங்களுடையது அதற்கு முன்னால் எம்மாத்திரம், ஆனால் ஸ்டாப்வாட்ச் வாங்க யாரும் காசு அதிகம் கேட்பதில்லை.

தொல்லை இல்லாமல் இல்லை. கம்ப்ரசர் டிரிப்பானால் வால்வும் மூடிக்கொள்ளும், ஓடிக்கொண்டிருக்கிற பேட்ச் எல்லாம் சூடு இறங்கும், ஷேடு மாறிவிட்டது என்று டையிங் மாஸ்டர் நம்மைத்தான் பிடிப்பார். முதல் மாதத்தில் மூன்று முறை அப்படி ஆனது. வால்வுக்கென்று சின்ன ஏர் டேங்க் ஒன்றும் அதற்கு முன்னால் ஒரு நான்-ரிட்டர்னும் வைத்த பிறகு நின்றது. ஏரை விடுகிற மின் வால்வான சொலினாய்டை வால்வு மேலேயே வைத்தால் சூட்டில் காயில் போய்விடும், தள்ளிச் சுவரில் வைக்க வேண்டும். காலையில் லைன் சூடாகும்வரை பிரஷர் ஸ்விட்சைச் சும்மா இருக்கச் சொல்ல பத்து நிமிஷ டைமர் வேண்டும், ஆனால் அந்தப் பத்து நிமிஷத்திலும் பட்டன் வேலை செய்தாக வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கரண்டோ ஏரோ திரும்பி வந்ததும் வால்வு தானாகத் திறக்கக் கூடாது, ஆள் வந்து கையால் ரீசெட் செய்தால்தான் திறக்க வேண்டும். உடைந்த இடத்தில் யாராவது நின்றுகொண்டிருக்கலாம். யாரும் இல்லையென்றாலும், மூடிய லைனில் கண்டன்சேட் தேங்கியிருக்கும், அதன் மேல் நீராவியைத் திடீரென்று விட்டால் தண்ணீர் சம்மட்டியாகப் போய் அடிக்கும். 1924-ல் புதைத்த நியூயார்க் நீராவிக் குழாய் 2007 ஜூலையில் நடுத்தெருவில் வெடித்ததும் உள்ளே தேங்கிய தண்ணீர் அப்படி அடித்ததால்தான், அங்கே டிராப் அடைத்துப் போயிருந்தது. அதனால் வால்வைச் சுற்றி 25 மி.மீ. பைபாஸ் போட்டு, அதன் வழியாக முதலில் சூடேற்றிவிட்டுத்தான் பெரிய வால்வைத் திறக்கிறோம். பைபாஸை வேலை முடிந்ததும் மூடினோமா என்று பார்ப்பதும் ஞாயிற்றுக்கிழமைச் சோதனையில் சேர்த்தி.

இன்னொன்று விறகு பாய்லர்காரர்களுக்கு. எரிவாயு பாய்லராக இருந்தால் பர்னரை அணைத்துவிடலாம், விறகு அணையாது. வால்வு மூடியதும் பாய்லரில் பிரஷர் ஏறும், சேஃப்டி வால்வு ஊதும். அதனால் அதே டிரிப்பிலேயே அடுப்புக்குக் காற்றுத் தள்ளும் எஃப்டி ஃபேனும் நிற்கும்படி வயரிங் செய்துவிட்டோம், பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கும் ஃபீட் பம்ப் மட்டும் ஓடும். எந்த வகையை வாங்கினாலும் ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிமுறைகள்) ஃபாரம் 3-சி சான்றிதழோடு வாங்குங்கள். 3.5 கிலோவுக்கு மேல் போகிற நீராவிக் குழாய் ஐபிஆருக்குள் வந்துவிடும், அதில் மாட்டுகிற வால்வும் அப்படித்தான், பிறகு இன்ஸ்பெக்‌ஷனில் கழற்றச் சொன்னால் செலவு இரட்டிப்பு.

சூப்பர்ஹீட் (கொதிநிலைக்கும் மேலே சூடேற்றிய நீராவி) லைனிலோ, 17 கிலோவுக்கு மேலோ நான் வேலை பார்த்ததில்லை, அங்கே இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எக்ஸஸ் ஃப்ளோ வால்வையும் நான் ஒதுக்கிவிடவில்லை. காம்பவுண்டின் கடைசியில் எவாபரேட்டருக்கு 50 மி.மீ. லைன் ஒன்று போகிறது, அங்கே ஏர் லைன் கிடையாது, ராத்திரியில் ஆளும் கிடையாது, எவாபரேட்டர் நாள் முழுக்க ஒரே அளவில்தான் நீராவி இழுக்கும். அந்த மாதிரி இடத்துக்கு அதுதான் சரி, அங்கே ஒன்று மாட்டியிருக்கிறேன். பதினான்கு மாதத்தில் இரண்டு முறை மூடியது, இரண்டும் காலையில் அவசரமாகத் திறந்தபோது. இந்த வருஷ இன்ஸ்பெக்‌ஷனுக்கு லைன் நிற்கும்போது கழற்றி, ஸ்பிண்டிலில் எவ்வளவு உப்புப் படிந்திருக்கிறது என்று பார்க்கப் போகிறேன்.