தெற்குச் சுவரோரம் ஒரு வெயில் பாத்தி: ஒன்பது மாதம் கழித்து ஒரு மதிப்பீடு

தாம்பரத்தை அடுத்த எங்கள் பகுதியில் இருக்கும் ஒரு நர்சரி, செடி விற்பதோடு நில்லாமல், வீட்டுச் சுவரோரம் மண்ணைக் கொத்திப் பூப்பாத்தி அமைத்துத் தரும் வேலையையும் எடுத்துச் செய்கிறது. சென்ற செப்டம்பர் முதல் வாரத்தில் அந்த வேலையை அவர்களிடம் ஒப்படைத்தேன். நட்ட மறுநாள் எந்தப் பாத்தியும் அழகாகத்தான் இருக்கும் என்பதால், ஓர் அடைமழைக் காலமும் ஓர் அக்கினி நட்சத்திரமும் கடந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்து, இந்த ஜூன் மாதத்தில் எழுதுகிறேன்.

எங்களுடையது மூலை மனை. வீட்டின் தெற்குச் சுவர் கைப்பிடிச் சுவரையும் சேர்த்து 14 அடி உயரம். அதற்கு எதிரே சாலை மட்டுமே உண்டு, மறைப்பதற்கு மரமோ கட்டடமோ இல்லை. இருபது அடி நீளத்துக்கு, இரண்டரை அடி அகலத்தில், வெயிலில் பூக்கும் செடிகளாக வேண்டும் என்று கேட்டேன். செம்மண், தொழு உரம், 38 செடிகள், இரண்டு ஆட்களின் ஒரு நாள் கூலி ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து 9,600 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் பகுதியில் இது அதிகமும் இல்லை, மலிவும் இல்லை.

வந்த இருவரில் ஒருவர் அறுபதைக் கடந்த பெரியவர். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரையும் வானத்தையும் சற்று நேரம் பார்த்தவர், "சித்திரை பொறந்தா இந்தச் சுவத்தடியில நிழல் விழுந்துடும் சார், வெயில் செடியெல்லாம் ரோட்டுப் பக்கம் வைங்க, சுவத்துப் பக்கம் கனகாம்பரம் போதும்" என்றார். கோடையில் தெற்குச் சுவருக்கு நிழலா என்று நான் சிரித்தேன். நர்சரியின் உரிமையாளரோ, எல்லா வீட்டுக்கும் ஒரே பட்டியலைக் கொடுப்பவர். அவர் இந்தப் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. பெரியவரின் மனம் கோணக்கூடாது என்பதற்காக மட்டும், சுவரை ஒட்டிய வரிசையில் பாதியைக் கனகாம்பரத்துக்கு விட்டு, மீதிப் பாதியில் என் விருப்பப்படி டேபிள் ரோஸ் வைக்கச் சொன்னேன்.

அவர் சொன்னதுதான் சரி. தெற்கு நோக்கிய சுவரே வெயில் மிகுந்தது என்று நான் படித்து வைத்திருந்த குறிப்புகள், சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானிலேயே நடமாடும் வடதேசங்களுக்காக எழுதப்பட்டவை. சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகையே வடக்கே இருப்பதால், ஏப்ரல் 24-ஐ ஒட்டி நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதன் பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் 18 வாக்கில்தான் மறுபடியும் உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறது. இப்போது ஜூன் மாதத்தில் சுவரின் நிழலை நானே நாடாவால் அளந்தேன். மிகவும் குறுகியிருக்கும் நண்பகலில்கூட அது இரண்டரை அடிக்கு நீள்கிறது. பாத்தியே சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளித்தான் தொடங்குகிறது. சுவரிலிருந்து இரண்டு அடியில் நட்ட உள் வரிசைக்கு நாள் முழுவதும் நேர் வெயில் இல்லை; மூன்றரை அடியில் உள்ள வெளி வரிசைக்குக் காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை கிடைக்கிறது. மார்கழியில் இதே சுவர் பகல் முழுவதும் வெயில் குடித்து, மாலையில் தொட்டால் சுடும் அளவுக்கு இருந்தது என்பதை நினைத்தால், ஒரே பாத்திக்குள் இரண்டு விதமான நிலம் இருப்பதாகவே தோன்றுகிறது.

இதற்குச் சாட்சி டேபிள் ரோஸ். நேர் வெயில் பட்டால்தான் இதழ் விரிக்கும் பூ அது. பங்குனி வரை காலை ஒன்பது மணிக்கெல்லாம் கம்பளம் விரித்ததுபோல் மலர்ந்த அந்த ஐந்து செடிகளும், மே மாதத்தில் மொட்டோடு நின்று, தண்டு நீண்டு, பூ விரியாமலே ஓய்ந்தன. அவற்றிலிருந்து நான்கு துண்டுகளைக் கிள்ளி வெளி விளிம்பில் ஊன்றினேன். வேர்விட்டு அங்கே நன்றாகப் பூக்கின்றன. பக்கத்திலிருந்த கனகாம்பரம் இந்த நிழலைப் பொருட்படுத்தவே இல்லை.

பெரியவரின் இன்னொரு நல்ல வேலை, சுவருக்கும் பாத்திக்கும் இடையில் ஒன்றரை அடி விட்டதும், பாத்தி மண்ணின் மட்டத்தை அடிமட்டப் பூச்சுக்குக் கீழேயே நிறுத்தியதும் ஆகும். அழகாக இருக்கும் என்று சுவரோடு சேர்த்தே செங்கல் கட்டி மண்ணை நிரப்பும் வழக்கம் எங்கள் தெருவில் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்த வீடுகளில் உட்புறம் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்வதையும், கறையான் வருவதற்கு வழி கிடைப்பதையும் பார்த்திருக்கிறேன். விட்ட இடைவெளியில் நின்று களை எடுக்கவும் முடிகிறது.

இனிக் குறைகள். சுவரோரம் என்பது வீடு கட்டிய காலத்தில் கொத்தனார் கொட்டிய கலவையும் உடைந்த செங்கல்லும் ஜல்லியும் புதைந்து கிடக்கும் இடம். குறைந்தது ஒன்றரை அடியாவது தோண்டிச் சலித்துவிட்டுத்தான் புது மண் போட வேண்டும். இவர்கள் அரை அடி கொத்திவிட்டு, மேலே செம்மண்ணைப் பரப்பி மூடிவிட்டார்கள். அன்று மாலைக்குள் முடிக்க வேண்டும் என்று உரிமையாளர் தொலைபேசியில் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். விளைவு, தை மாதத்தில் குட்டை ரக இட்லிப்பூச் செடிகள் ஆறிலும் தெரிந்தது. இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சிமெண்டுச் சுண்ணாம்பு கலந்து காரத்தன்மை ஏறிய மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் இட்லிப்பூவால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை இலைமீது தெளித்த பிறகு துளிர்கள் பச்சைக்குத் திரும்பின. ஆனால் மண் அப்படியேதான் இருக்கிறது. இந்தத் தெளிப்பை இனி விட முடியாது.

செடிகளின் தரம் அதைவிட ஏமாற்றம். ஆந்திரத்தின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வரும் செடிகள் என்று பெருமையாகச் சொன்னார்கள். அவற்றின் வேரைச் சுற்றியிருந்த களிமண் உருண்டை காய்ந்தால் கல், நனைந்தால் பிசின். நடுவதற்கு முன் அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவைத்து அந்த மண்ணைத் தளர்த்திவிட்டிருக்க வேண்டும். பெரியவருடன் வந்த இளைஞர் அதைச் செய்யவில்லை என்பதோடு, சிலவற்றின் பையை அடியில் மட்டும் கிழித்துவிட்டு அப்படியே குழியில் இறக்கியிருக்கிறார். கார்த்திகை மழையில் அழுகிய மூன்று நித்தியகல்யாணிகளைப் பிடுங்கியபோது கறுப்புப் பாலிதீன் பையும் சேர்ந்தே வந்தது. மற்ற ஐந்தும் பிழைத்து, விதை சிந்தித் தாமாகவே முளைத்து, காலியிடத்தை நிரப்பிவிட்டன.

பட்டியலிலிருந்த எட்டுப் பெட்டூனியாக்கள் ஐப்பசியைத் தாண்டவில்லை. மழை ஓய்ந்து பனி தொடங்கியபின் வைக்க வேண்டிய செடியை மழைக்கு முன் விற்றதை அறியாமை என்று சொல்வதா, சரக்கைத் தள்ளிவிடும் உத்தி என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆக, 38-இல் 11 போயின. மாற்றுச் செடி தருவதாக முதலில் சொன்னவர்கள், படம் அனுப்பிய பிறகு, மழையால் ஏற்பட்ட இழப்புக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் கைப்பிடி செண்டுமல்லி விதையை நானே தூவினேன், பொங்கலுக்குப் பூத்தது. வாடாமல்லி ஆறைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, குறையே வைக்கவில்லை.

வரும் ஆடியில் உள் வரிசையை மாற்றப் போகிறேன். செடிகளை வேறிடத்தில், வேரைப் பார்த்து, நானே வாங்கிக்கொள்வேன். அந்த நர்சரியிடம் பெரியவரின் ஒரு நாள் உழைப்பை மட்டும் கூலிக்குக் கேட்டிருக்கிறேன், அதற்கு அவர்கள் ஒப்புக்கொண்டதையும் சொல்ல வேண்டும். சென்ற வாரம் இடம் பார்க்க வந்தவர், டேபிள் ரோஸ் எந்த மாதம் பூப்பதை நிறுத்தியது என்று முதலில் விசாரித்துவிட்டு, கடப்பாரையால் நான்கு இடங்களில் குத்திப் பார்த்து, இந்த முறை இரண்டு நாள் வேண்டும் என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.