லூயிஸ் ஊரின் கசப்பு: ஹார்வீஸ் சசெக்ஸ் பெஸ்ட் பிட்டர்

முப்பத்தோரு ஆண்டுகள் குன்னூரில் தேயிலை சுவைத்துத் தரம் பார்த்தவன் நான். ஏலத்துக்குப் போகும் மாதிரிகளை வரிசையாக வடித்து வைத்திருப்பார்கள். ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கு முழுவதும் பரப்பி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும். ஓய்வு பெற்றபின் இங்கிலாந்தின் தென்கரையில், பிரைட்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். "மாமா, உங்கள் நாக்குக்கு ஏற்ற ஒன்று பக்கத்து ஊரில் இருக்கிறது" என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் ரயில் ஏறினோம். கால் மணி நேரத்தில் லூயிஸ்.

நிலையத்திலிருந்து சரிவில் இறங்கி ஊஸ் ஆற்றுப் பாலத்தை நெருங்கும்போதே வாசனை வந்துவிட்டது. முளைகட்டிய பார்லி வெந்நீரில் ஊறும் மணம். எங்கள் வீட்டில் கேழ்வரகை முளைகட்டி வறுக்கும்போது எழும் மணத்துக்குப் பக்கத்து உறவு அது. ஆற்றங்கரையில் சிவப்புச் செங்கல் கோபுரத்தோடு நிற்கிறது ஹார்வீஸ் பீர் ஆலை. 1790இல் ஜான் ஹார்வி தொடங்கிய தொழில். இப்போது நாம் காணும் கோபுரம் 1880களின் தொடக்கத்தில் வில்லியம் பிராட்ஃபோர்ட் வரைந்து எழுப்பியது. ஊரார் அதை 'லூயிஸ் பேராலயம்' என்று அழைக்கிறார்கள். தண்ணீர் ஆலையின் சொந்தக் கிணற்றிலிருந்து வருகிறது. சுற்றிலும் உள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் விழுந்த மழை பாறைக்குள் கசிந்து இறங்கிச் சேர்ந்த நீர்.

ஆலையை ஒட்டிய ஜான் ஹார்வி டாவர்ன் என்ற மதுக்கடையில் உட்கார்ந்து, ஹார்வீஸின் சசெக்ஸ் பெஸ்ட் பிட்டரைக் கேட்டோம். பணியாளர் கைப் பம்பை நிதானமாக இரண்டு மூன்று முறை இழுத்துக் கோப்பையை நிரப்பினார். 'பிட்டர்' என்றால் கசப்பு. இங்கிலாந்தில் அதுவே ஒரு பீர் வகையின் பெயர். அதிலும் 'செஷன் பிட்டர்' என்பது நீண்ட நேரம் உட்கார்ந்து பேசியபடி குடிப்பதற்கென்று மெல்லிய வலுவில் வடிப்பது. சாராய அளவு 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. சசெக்ஸ் பெஸ்ட் சரியாக 4 சதவீதம். நம் ஊர்க் கடைகளில் 'ஸ்ட்ராங்' என்று எழுதி விற்கும் 650 மில்லி பாட்டில்கள் 8 சதவீதம் வரை போகும். அதைப் பீர் என்று பழகியவர்கள் இதை முதல் மிடறில் தண்ணீர் என்று ஒதுக்கிவிடக்கூடும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நிறம். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலையை அளவு பார்த்து வடித்தால் வருமே, அந்தச் செம்பு நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கத்து ஜன்னல் தெரிகிற தெளிவு. நுரை மெல்லிய ஒரு விரல் அளவே. இங்கிலாந்தின் வடபகுதியில் பம்பின் மூக்கில் சல்லடை போன்ற ஒரு சிறு குமிழைப் பொருத்தி, டபராவில் ஆற்றிய காபி போலக் கெட்டி நுரை வரவழைப்பார்கள். தெற்கே அந்தப் பழக்கம் இல்லை. எனக்குத் தெற்கத்திப் பழக்கமே பிடித்தது. நுரைக்குள் அடைபடாமல் வாசனை நேரே மூக்குக்கு வருகிறது.

வாசனையில் மழை பெய்த தோட்டத்து மண், ஆரஞ்சுத் தோலின் ஓரம், சுட்ட ரொட்டி. குடித்தால் முதலில் பார்லியின் இனிப்பு, கடலை மிட்டாயின் அடிப்பக்கம் போல. அது நாக்கில் நிலைக்கும் முன்பே கசப்பு எழுகிறது. இந்தக் கசப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்காகத்தான் மறுபடி மறுபடி போனேன். பாகற்காயின் கசப்பு நாக்கின் மேல் ஏறி உட்காரும். வேப்பம்பூ ரசத்தின் கசப்பு புளியோடு வந்து புளியோடு போய்விடும். இது சுண்டைக்காய் வற்றலைச் சேர்ந்தது. முதலில் ஒன்றும் சொல்லாமல் இருந்து, விழுங்கிய பின் தொண்டையின் விளிம்பில் மெல்ல விரிகிறது. பின்னாலேயே ஒரு துவர்ப்பு வாயை உலர்த்துகிறது. உலர்ந்த வாய் அடுத்த மிடறைக் கேட்கிறது. தேயிலையிலும் இப்படி ஒரு துவர்ப்பு உண்டு. அது இருந்தால் கோப்பைக்கு உயிர் இருக்கிறது என்போம். அது இல்லாத மாதிரியைச் சப்பை என்று தள்ளிவிடுவோம்.

கசப்பைத் தருவது ஹாப்ஸ் கொடியின் பூ. அதன் பிசின் கொதியில் கிடந்து உருமாறினால்தான் கசப்பாகும். கொதியின் கடைசியில் போடும் பூ மணத்தை மட்டும் விட்டுச் செல்லும். சசெக்ஸ் பெஸ்டில் ஃபகிள்ஸ், கோல்டிங்ஸ், புரோகிரஸ், பிராம்லிங் கிராஸ் என்று நான்கு வகை. மண் வாசனை ஃபகிள்ஸின் வேலை. நான்காவது மிடறில் எங்கிருந்தோ நாவற்பழத்தின் கறுத்த புளிப்பு போன்ற ஒன்று எட்டிப் பார்த்தது. அது பிராம்லிங் கிராஸாக இருக்க வேண்டும். பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்டுக்கும் ஒரு கதை உண்டு. 1957இல் யார்க்‌ஷயரின் டாட்காஸ்டர் ஊரில் உள்ள ஜான் ஸ்மித்ஸ் ஆலையிலிருந்து வாங்கி வந்தது. அன்று முதல் ஒவ்வொரு வடிப்பிலும் எடுத்து அடுத்த வடிப்புக்கு உறை ஊற்றி வருகிறார்கள். நம் வீடுகளில் தயிருக்கு உறை மோர் எடுத்து வைப்பது போலத்தான். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஒரே ஆலையில் வாழ்ந்து, இந்த ஊரின் ஈஸ்டாகவே அது மாறிவிட்டது.

வலு குறைந்த பானத்தை நல்லதாகச் செய்வது கடினம். சர்க்கரையும் சாராயமும் ஏறிய பீரில் சிறு பிழைகள் அவற்றின் அடியில் மறைந்துகொள்ளும். பால் ஊற்றிக் கொதித்த தேநீரில் மோசமான இலை மறைவது போல. ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. சசெக்ஸ் பெஸ்டில் அதற்குள் சாராயம் 23 மில்லி அளவுதான். மற்றதெல்லாம் தண்ணீரும் தானியமும் பூவும் ஈஸ்டும். ஒன்று தவறினாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். இரண்டாவது பைண்டைப் பாதி முடித்திருந்தேன். முதல் பைண்டில் இருந்த தெளிவு தலையிலும் இருந்தது, கோப்பையிலும் இருந்தது.

குளிர் பற்றி ஒரு வார்த்தை. வெதுவெதுப்பான பீர் என்று இதைக் குறை சொல்கிறவர்கள் ஏராளம். உண்மையில் இது நிலவறைக் குளிரில், 11 முதல் 13 டிகிரிக்குள் வருகிறது. கொதிக்கக் கொதிக்கத் தேநீரைச் சுவைக்க முடியாது. சற்று ஆறவிட்டுத்தான் கரண்டியை எடுப்போம். கடும் சூடு ருசியை மறைப்பது போலவே கடும் குளிரும் மறைக்கும். ஐஸ் போலக் குளிர்ந்த கோப்பையில் இந்த நாவற்பழம் எனக்குக் கிடைத்திருக்காது.

ஆலை செய்வது பாதி வேலைதான். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, நொதித்தல் நடந்துகொண்டிருக்கிறது. நிலவறையில் படுக்கவைத்து, மேல் துளையில் மரக்குச்சி செருகி, காற்றை அளவாக வெளியேற்றி, கலங்கல் அடியில் படியும்வரை காத்திருக்க வேண்டும். திறந்தபின் மூன்று நாட்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. லண்டனில் ஒரு கடையில் இதே பெயர்ப் பலகையுள்ள பம்பிலிருந்து எனக்கு வந்தது காடி. யாரும் கேட்காமல் பல நாள் கிடந்த பீப்பாய் என்று முகர்ந்தவுடனே தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஒருவர் பல நாள் உழைத்துச் செய்ததை அலட்சியத்தால் கெடுப்பதைத் தேயிலைக் கிடங்குகளிலும் பார்த்திருக்கிறேன், அங்கேயும் பொறுத்ததில்லை. கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன், மாற்றித் தந்தார்கள். நீங்களும் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். கூட்டம் உள்ள கடையாகப் பார்த்து, முதலில் அரை பைண்ட் கேளுங்கள். சைவர்களுக்கு இன்னொன்று: பீப்பாய் பீர்களில் பெரும்பாலானவற்றை மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளால்தான் தெளியவைக்கிறார்கள். கேட்டுக்கொண்டு குடிப்பது நல்லது.

இந்த ஊரார் இதன் மேல் வைத்திருக்கும் உரிமை வியப்பானது. 2006 டிசம்பரில் இங்குள்ள லூயிஸ் ஆர்ம்ஸ் கடையில் அதன் உரிமையாளர்கள் ஹார்வீஸ் பிட்டரை எடுத்துவிட்டார்கள். வழக்கமாக வருகிறவர்கள் உள்ளே நுழைய மறுத்து, குளிரில் வாசலில் நின்றார்கள். 2007 ஏப்ரலில் பம்பு திரும்பி வந்தது. 2000 அக்டோபரில் ஊஸ் ஆறு ஊருக்குள் புகுந்தபோது ஆலையும் மூழ்கியது. அந்த வெள்ளத்தில் தப்பிய பீரைத் தனிப் பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள்.

எனக்கு ஒரு கவலையும் உண்டு. 2023 ஆகஸ்டில் 3.5 சதவீதத்துக்குக் கீழுள்ள பீருக்கு வரியைக் குறைத்த பிறகு, பல ஆலைகள் தங்கள் பிட்டரை 3.4க்கு இறக்கிவிட்டன. அப்படி இறக்கிய ஒன்றிரண்டைக் குடித்துப் பார்த்தேன். இனிப்பு மெலிந்து கசப்பு தனியே நின்றது. ஹார்வீஸ் இன்னும் 4இல் நிற்கிறது. அப்படியே நிற்கட்டும்.

சென்ற வாரம் குன்றடிவாரக் கிராமம் ஒன்றின் சிறு கடைக்குப் பஸ்ஸில் போனோம். ஹார்வீஸ் பம்பின் பெயர்த் தகடு பின்பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பழைய பீப்பாய் காலையில் தீர்ந்துவிட்டது, புதியது இன்னும் தெளியவில்லை, நாளை மாலை வாருங்கள் என்றார் கடைக்கார அம்மா. விற்றிருந்தால் மாப்பிள்ளை வாங்கியிருப்பார். மறுநாள் ஆறு மணிக்கு மறுபடியும் போனோம். தகடு நேராகத் திரும்பியிருந்தது. முதல் இழுப்பைக் கீழே ஊற்றிவிட்டு, இரண்டாவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் எங்களிடம் நீட்டினார்.