மூளைக்கட்டி ஸ்லைடு மறுபரிசோதனை: ஆய்வு நேர்த்தி, கவுன்டர் சுமார்

என் அக்காள் கணவருக்கு அறுவை செய்த மருத்துவமனை தந்த பயாப்ஸி அறிக்கையில் ‘கிளியோபிளாஸ்டோமா, தரம் 4’, அதாவது மிகத் தீவிரமான மூளைப் புற்றுக்கட்டி, என்றிருந்தது. கதிர்வீச்சு தொடங்குமுன் மூளைக்கட்டிகளை மட்டுமே பார்க்கும் நோயியல் மருத்துவர் ஒருவரிடம் ஸ்லைடுகளைக் காட்டிவிடுமாறு புற்றுநோய் மருத்துவரே எழுதிக் கொடுத்ததால், இம்மையத்தின் மறுபரிசோதனைச் சேவையை நாடினோம்.

நோயாளிக்கு வயது 44. கட்டியின் வகையைப் பிரித்தறிய உதவும் ஐடிஹெச் மரபணு மாற்றம் இல்லை என்று முதல் ஆய்வகம் எழுதியதற்கு ஆதாரம் ஒரே ஒரு ஆன்டிபாடிச் சாயம். அச்சாயம் ஐடிஹெச்1 மரபணுவின் ஆர்132ஹெச் என்ற மாற்றத்தை மட்டுமே காட்டும்; கிளியோமாக்களில் (மூளையின் துணைச் செல்களைச் சார்ந்த கட்டிகளில்) காணப்படும் ஐடிஹெச் மாற்றங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் அதுவே என்றாலும், எஞ்சியவை அதில் பிடிபடுவதில்லை. ஆகவே 55 வயதுக்குட்பட்டவருக்குச் சாயம் ஏறவில்லை என்றால், மரபணு வரிசையைப் பார்க்காமல் கிளியோபிளாஸ்டோமா என்று முடிவுகட்டக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டையொட்டிய நடைமுறை. இங்கே அதைச் செய்தார்கள். ஐடிஹெச்2 மரபணுவில் மாற்றம் இருந்தது. 1பி, 19கியூ என்னும் இரு குரோமோசோம் பகுதிகளும் இல்லாமல் போயிருந்தன. ஐடிஹெச் மாற்றமும் இந்தக் குரோமோசோம் இழப்பும் சேர்ந்திருந்தால் கட்டியின் பெயர் ஒலிகோடென்ட்ரோகிளியோமா. இவருக்குத் தரம் 3. கதிர்வீச்சு இதற்கும் உண்டு, ஆனால் உடன் தரும் மருந்துகள் மாறுகின்றன, எதிர்பார்க்கக்கூடிய ஆயுளும் கணிசமாகக் கூடுகிறது.

நோயியல் மருத்துவரை நோயாளியின் வீட்டார் நேரில் பார்ப்பது அபூர்வம். இங்கே கேட்டதும் நேரம் கொடுத்த அம்மருத்துவர், ஸ்லைடைத் திரையில் பெரிதாக்கி, வட்டமான உட்கருவைச் சுற்றி வெளுத்த வளையத்துடன் ஆஃபாயில் போலிருந்த செல்களையும், அவற்றினூடே கம்பிவலையாய்க் கிளைத்த நுண்ணிய இரத்தக் குழாய்களையும் காட்டினார். அவ்வளையம் கட்டியில் இயல்பாக உள்ளதன்று, ஃபார்மலினில் பதப்படுத்தும்போது தோன்றுவது. அறுவை நடக்கும்போதே உறையவைத்து அவசரமாகப் பார்க்கும் ஸ்லைடில் அதைக் காண முடியாது என்றார். (எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த பிறகுதான் ஸ்லைடையே எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.)

குறைகள் கவுன்டரில்தான். சாயமேற்றிய ஸ்லைடுகள் போதாது, திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கும் வேண்டும் என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் வந்த பிறகு சொன்னதால், பழைய மருத்துவமனைக்குக் கடிதத்துடன் திரும்பவும் அலைந்தோம். மரபணுப் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் என்பதும் பில் போடும்போதுதான் தெரிந்தது. அறிக்கையும் சொன்ன நாளில் வரவில்லை. தாமதத்துக்குக் காரணம் கேட்டால் ‘லேபில் இருக்கிறது’ என்பதே பதில்.

வருபவர்கள் பிளாக், ஸ்லைடுகள், முதல் அறிக்கை, எம்.ஆர்.ஐ. சி.டி. ஆகிய நான்கையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். வேலை முடிந்ததும் மீதமுள்ள பிளாக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாமாகக் கேட்காவிட்டால் தருவதில்லை.